பெட்டை நாயின் கருப்பையில் சீழ்: மலையில் நாய் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் எஸ்டேட் லைன் வீடுகளில் காவலுக்கு ஒரு நாய் இருக்கும். படகர் ஊர்களான ஹட்டிகளில் காட்டுப்பன்றியையும் கரடியையும் கண்டு குரைக்க நாலைந்து இருக்கும். குன்னூர், உதகைப் பக்கம் வீட்டுக்குள் வளரும் செல்ல நாய்கள் ஏராளம். இவற்றில் கருத்தடை செய்யப்படாத பெட்டைகள் எத்தனையோ. நான் மருத்துவர் இல்லை. கருத்தடை முகாம்களிலும் ஒரு கால்நடை மருத்துவரின் ஆபரேஷன் மேசையருகிலும் உதவிக்கு நிற்பவள். அந்தப் பழக்கத்தில் போன் செய்து கேட்பவர்கள் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொன்ன பதில்களை மருத்துவரிடம் சரிபார்த்துக் கீழே தந்திருக்கிறேன். மருந்தின் அளவுகளை வேண்டுமென்றே எழுதவில்லை. உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டியது அது.

"கருப்பையில் சீழ் வைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். புண்ணில் சீழ் வைப்பது போலத்தானே அக்கா?"

சீழ் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் பயங்கரம். காலில் வைக்கும் சீழ் உடைந்து வெளியே வந்துவிடும். கருப்பை வயிற்றுக்குள் இருக்கிற பை. அதற்குள் பாக்டீரியா பெருகும்போது அதன் நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகத் தாக்கும். பை கிழிந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். மருத்துவர்கள் இதைப் பியோமெட்ரா என்பார்கள்.

கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் உயிரைப் பறிக்கும். நேரத்தோடு ஆபரேஷன் நடந்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்துப் பழையபடி ஓடியாடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளும் நாட்கள்தான்.

"ஹீட் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போது போய் ஏன் இந்த நோய்?"

இப்போதுதான் வரும். ஹீட், அதாவது பெட்டை நாய் இணை சேரத் தயாராகும் பருவம், முடிந்து இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை உள்ள காலம்தான் இதற்கு உரிய காலம். சில நாய்களுக்குப் பன்னிரண்டு வாரம் வரைகூடப் போகிறது.

பெட்டை நாய் இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஹீட்டுக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் அதன் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுந்திருக்கும். குட்டி தங்குவதற்காக அது கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது, சுரப்பிகளைச் சுரக்க வைக்கிறது, கருப்பை சுருங்காமல் அடக்கி வைக்கிறது, வாயை மூடுகிறது, அந்த இடத்தின் நோய் எதிர்ப்பையும் குறைக்கிறது. ஹீட்டின்போது கருப்பை வாய் திறந்திருந்த சமயத்தில் உள்ளே ஏறிய கிருமிக்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம். பெரும்பாலும் அது ஈ. கோலை, அந்த நாயின் குடலிலேயே வாழும் பாக்டீரியா. ஒவ்வொரு ஹீட்டிலும் உள்சுவர் இப்படித் தடித்துத் தடித்து, நீர்க்கட்டிகளும் உண்டாகி, வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.

"எங்கள் நாய் ஆண் நாய் பக்கமே போனதில்லை, குட்டியும் போட்டதில்லை. அதற்கு எப்படி வரும்?"

மேலே சொன்ன ஹார்மோன் இணை சேராத நாய்க்கும் சுரக்கிறது. குட்டியே போடாத நாய்களுக்குத்தான் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பதே ஆய்வாளர்கள் கண்டது. "சுத்தமாக வளர்த்தோமே, வீட்டை விட்டு வெளியே விடவில்லையே" என்று மனம் நொந்து கேட்பவர்கள் உண்டு. உங்கள் வளர்ப்பில் குறையில்லை. கருப்பையும் சூலகமும் உள்ள எந்த நாய்க்கும் இது வரலாம்.

சுவீடனில் நாய்களைப் பரவலாகக் கருத்தடை செய்யும் வழக்கம் இல்லை. அங்குள்ள காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், பத்து வயதுக்குள் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரையான பெட்டைகளுக்கு இந்த நோய் வந்திருக்கிறது. ராட்வைலர், கோல்டன் ரெட்ரீவர், கோலி போன்ற இனங்களுக்கு இன்னும் அதிகம். நாட்டு நாய்க்கு வராது என்பது வெறும் நம்பிக்கை.

"எதை வைத்துக் கண்டுபிடிப்பது?"

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். கடைசி ஹீட் எப்போது? அது முடிந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்து, நாய் சோர்ந்து படுத்திருந்து, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகினால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதை யோசியுங்கள். அடிக்கடி தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, வாந்தி, வயிறு உப்புவது, பின்புறத்தை ஓயாமல் நக்குவது, வாலடியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ரத்தம் கலந்தோ கசிவு, கெட்ட வாடை ஆகியவை மற்ற அறிகுறிகள். எல்லாம் ஒருசேர வரும் என்று காத்திருக்கக் கூடாது.

காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. அதற்குக் கீழே இறங்கி, காதும் பாதமும் சில்லிட்டுப் போயிருந்தால் காய்ச்சலை விட மோசமான நிலை அது, உடம்பு அதிர்ச்சிக்குள் போகிறது.

ஒவ்வொரு ஹீட்டும் தொடங்கிய தேதியைச் சமையலறை நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "போன மழைக்கு முன்னால்" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது.

"இந்தக் குளிரில் யாருக்குமே தாகம் எடுப்பதில்லை. இது மட்டும் ஏன் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறது?"

மிக நல்ல கவனிப்பு. ஈ. கோலையின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்கி, தண்ணீரை மீட்டு வைத்துக்கொள்ளும் அதன் திறனைக் கெடுக்கிறது. தண்ணீர் சிறுநீராகப் போய்விடுவதால் நாய் குடித்துக்கொண்டே இருக்கிறது. சமவெளியில் வெயில் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உறைபனி விழும் டிசம்பரில், ஜனவரியில் நம் ஊரில் அப்படிக் குடித்தால் கண்ணில் படாமல் போகாது.

அளந்து பாருங்கள். காலையில் ஒரு லிட்டர் அளந்து ஊற்றி வைத்து, மறுநாள் காலை மீதியை அளந்தால் போதும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது நோய். அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. நாய் சோர்ந்தும் இருந்தால் அளந்துகொண்டு ஒரு நாளை வீணாக்காமல் கிளம்புங்கள். வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறது என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது நாயின் சிறுநீரகத்தை இன்னும் வேகமாகக் கெடுக்கும்.

"கீழே ஒரு சொட்டுக்கூடக் கசிவு இல்லை. ஆனாலும் பியோமெட்ரா என்கிறார் டாக்டர். நம்பலாமா?"

நம்புங்கள், உடனே ஆபரேஷனுக்குச் சம்மதியுங்கள். கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் கசியும், நமக்கும் தெரியும். மூடியிருந்தால் ஒன்றுமே வெளியே வராது. உள்ளே சேர்ந்துகொண்டே போகும். இரண்டில் ஆபத்தானது மூடிய வகை. கசிவு இல்லாததால் வீட்டில் தாமதிக்கிறார்கள், நச்சுக்கும் வெளியேற வழியில்லை.

இரண்டு நாள் கசிந்து பிறகு நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவது இன்னொரு தவறு. வாய் மூடிக்கொண்டிருக்கலாம். கசிவு நின்ற பிறகு நாய் முன்னைவிடச் சோர்ந்தால் அது அவசரம்.

"ரத்தம் சொட்டுகிறது. ஹீட்டா, நோயா, எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது?"

ஹீட் என்றால் பெண்ணுறுப்பு வீங்கியிருக்கும், ஆண் நாய்கள் வாசலில் வந்து நிற்கும், நாய் நன்றாகச் சாப்பிடும், வாடை அருவருப்பாக இருக்காது. முதல் ஒன்பது பத்து நாள் சிவப்பாக வந்து, பிறகு வெளிறும். போன ஹீட்டுக்கு ஒன்றரை இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் என்றால் அதை ஹீட் என்று ஒதுக்க வேண்டாம்.

கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் மழைக்காலத்தில் அட்டையையும் மறந்துவிடக் கூடாது. தேயிலைச் செடிகளுக்குள் ஓடிவிட்டு வரும் நாயின் தொடையிடுக்கில், சில சமயம் உறுப்பின் மடிப்பிலேயே அட்டை ஒட்டிக் குடித்துவிட்டு விழுந்திருக்கும். கடிவாயிலிருந்து ரத்தம் நிற்காமல் மெல்லியதாக ஓடும். டார்ச் அடித்து மடிப்பை விலக்கிப் பார்த்தால் மூன்று கீறல் சேர்ந்த சின்னப் புள்ளி தெரியும். நாயோ துள்ளிக்கொண்டிருக்கும்.

தெருவில் சுற்றி இணை சேரும் நாய்க்கு வாரக்கணக்கில் ரத்தம் சொட்டினால், இணை சேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் கட்டி ஒன்று இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். உறுப்புக்குள் சிவந்த, எளிதில் உதிரும் சதைத் திரளாக இருக்கும். பெரும்பாலான நாய்களுக்கு வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறை சில வாரங்கள் ரத்தநாளத்தில் ஏற்றினாலே கரைந்துவிடும். கருப்பைச் சீழுக்கும் இதற்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டக் கூடாது.

"ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாம் தேவையா, காசு பிடுங்கவா?"

ஸ்கேன் மிகவும் தேவை. கருப்பை பெருத்திருக்கிறதா, உள்ளே திரவம் இருக்கிறதா, குட்டி இருக்கிறதா என்று சில நிமிடத்தில் சொல்லிவிடும். ஸ்கேன் இல்லாத ஊரில் எக்ஸ்ரே ஓரளவு உதவும். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் எவ்வளவு ஏறியிருக்கின்றன, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ரத்தசோகை உண்டா என்று தெரியும். எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றிய பிறகு மயக்க மருந்து கொடுக்கலாம் என்பதை மருத்துவர் அதைக் கொண்டுதான் தீர்மானிக்கிறார்.

கையில் பணம் குறைவாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், எது இல்லாமல் முடியாது என்று அவரே பிரித்துச் சொல்வார். "நாளைக்கு வருகிறேன்" என்று நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

"இணை சேர்த்துவிட்டிருக்கிறோம். வயிறு பெரிதாகிறது. குட்டியா, சீழா?"

சங்கடமான கேள்விதான், ஏனென்றால் இரண்டும் ஒரே காலத்தில் வருகின்றன. குட்டி வயிற்றில் இருக்கும் நாய் பொதுவாக நன்றாகச் சாப்பிடும், கண்ணில் தெளிவு இருக்கும். ஸ்கேனில் ஏறக்குறைய 25 நாளுக்கு மேல் குட்டிகளின் இதயத்துடிப்பு தெரியும். எக்ஸ்ரேயில் எலும்புகள் தெரிய 45 நாளாவது ஆக வேண்டும். அதற்கு முன் எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் பெருத்த கருப்பை தெரியும், உள்ளே இருப்பது எதுவென்று தெரியாது.

மடி சுரந்து, பொம்மையைக் குட்டி மாதிரி காவல் காக்கிற பொய்க் கர்ப்பமும் இதே ஹார்மோன் மாற்றத்தால் வருவதுதான். மடியில் பால் இருக்கிறதே என்று சீழ் இல்லை என முடிவு செய்யாதீர்கள். ஒரே நாய்க்கு இரண்டும் இருக்கலாம்.

"ஆபரேஷன் வேண்டாம் அக்கா, ஊசியிலும் மாத்திரையிலும் சரி செய்ய முடியாதா?"

வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் முடியாது. மருந்து ரத்தத்தில் ஓடும், கருப்பைக்குள் தேங்கிய சீழ் அங்கேயே இருக்கும். இரண்டு மூன்று நாள் தேறுவது போலத் தெரிந்து மறுபடி விழும் நாய்களைத்தான் முகாமுக்குக் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஆபரேஷன் இல்லாத சிகிச்சை ஒன்று உண்டு, ஆனால் அது எல்லா நாய்க்கும் பொருந்தாது. புரோஜெஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் அக்லெப்ரிஸ்டோன், கருப்பையைச் சுருங்க வைத்துச் சீழை வெளியே தள்ளும் புரோஸ்டாகிளாண்டின், கூடவே ஆன்டிபயாடிக் என்று பல நாட்கள் கொடுப்பார்கள். இளம் வயது, கருப்பை வாய் திறந்த வகை, உடம்பு இன்னும் தளராத நிலை, வீட்டுக்காரருக்குக் குட்டி எடுத்தே ஆக வேண்டிய தேவை ஆகியவை ஒன்றுசேர்ந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். புரோஸ்டாகிளாண்டின் போட்டதும் நாய் மூச்சு வாங்கும், எச்சில் வடியும், வாந்தி, பேதி, நடுக்கம் வரும். ஆகவே மருத்துவமனையில் வைத்துத்தான் போட வேண்டும். மூடிய வகையில் அதைப் போட்டுக் கருப்பையைச் சுருக்கினால் பை கிழியும் அபாயம் உண்டு.

இதில் தேறிய நாய்க்கும் அடுத்தடுத்த ஹீட்களில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் அடுத்த ஹீட்டிலேயே இணை சேர்த்து, குட்டி எடுத்தபின் கருப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். குட்டி வேண்டாம் என்பவர்கள் இந்த வழியில் போவதற்குக் காரணமே இல்லை என்பது என் கருத்து.

"பதினொரு வயதாகிவிட்டது. மயக்க மருந்தைத் தாங்குமா? நிம்மதியாகப் போகட்டும் என்று விட்டுவிடலாமா?"

இந்தக் கேள்வியை அன்பால்தான் கேட்கிறார்கள் என்று தெரியும். ஆனால் கருப்பையில் சீழோடு போவது நிம்மதியான சாவு அல்ல. வாந்தி, தாகம், வயிற்று வலி, கடைசியில் நடுக்கம் என்று நாட்கணக்கில் துன்பப்பட்டுத்தான் போகும்.

இந்த நோய் வருவதே பெரும்பாலும் நடுவயதுக்கு மேற்பட்ட நாய்களுக்குத்தான், ஆகவே மருத்துவர் தினமும் ஆபரேஷன் செய்வதும் அந்த வயது நாய்களுக்குத்தான். வயதைவிட, எவ்வளவு நச்சு ஏறியிருக்கிறது, சிறுநீரகமும் இதயமும் எப்படி என்பவைதான் கணக்கில் வரும். முதல் நாளே வந்த பதினொரு வயது நாய், ஆறாம் நாள் வந்த ஐந்து வயது நாயைவிடப் பத்திரமாக மேசையிலிருந்து இறங்கும். இதயம் கெட்டுப்போய் ஆபரேஷன் முடியவே முடியாது என்று மருத்துவர் சொன்னால், அப்போது வலியில்லாமல் கண்மூட வைப்பது பற்றி அவரிடமே கேளுங்கள். வீட்டில் கிடத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"ஆபரேஷனில் சரியாக என்னதான் செய்கிறார்கள்?"

முதலில் ரத்தநாளத்தில் டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், வலி மருந்து. நிலைமையைப் பொறுத்துச் சில மணி நேரம் இதற்கே போகும். தாமதிக்கிறார்கள் என்று பதற வேண்டாம், நீர் வற்றிய உடம்பில் மயக்க மருந்து கொடுப்பதுதான் ஆபத்து. பிறகு மயக்கம் கொடுத்து, வயிற்றின் நடுவில் கீறி, இரண்டு சூலகத்தையும் கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். சாதாரணக் கருத்தடை ஆபரேஷனில் எடுப்பவையும் இவைதான். ஆனால் இங்கே பை புடைத்து, ரத்தநாளங்கள் தடித்து, தொட்டால் கிழியும் பதத்தில் இருக்கும்.

நலமான நடுத்தர நாயின் கருப்பைக் கொம்பு, அதாவது கருப்பை இருபுறமும் பிரியும் குழாய்களில் ஒன்று, சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. சீழ் கோத்தது கூடலூர்ச் சந்தையில் தொங்கும் நேந்திரம் பழம் மாதிரி, அதுவும் இரண்டு பக்கமும் வரிசையாகப் புடைத்து நிற்கும். மருத்துவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு துளி வயிற்றுக்குள் சிந்தாமல், சுற்றிலும் ஈரத்துணி வைத்து மெதுவாக வெளியே எடுப்பார். அந்த நேரத்தில் அறையில் யாரும் பேசுவதில்லை. தட்டில் வைத்த பிறகுதான் அடுத்த மூச்சு. "ஊசியில் சரியாகாதா" என்று கேட்பவர்களுக்கு அந்தத் தட்டைக் காட்டினால் அதற்குப் பிறகு கேட்பதில்லை.

"ராத்திரி பத்து மணி, மழை, ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது. விடியும்வரை என்ன செய்வது?"

மருத்துவரைப் போனிலாவது பிடியுங்கள். கடைசி ஹீட், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி எத்தனை தடவை, கசிவு உண்டா, ஈறு சிவந்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். நாயைக் காற்றுப் புகாத இடத்தில், தரையில் படாமல் சாக்கு, கம்பளி போட்டுக் கிடத்துங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் இருக்கட்டும். சோற்றை வாயில் திணிக்க வேண்டாம்.

வயிற்றை அமுக்கிச் சீழ் எடுக்கப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் ஏற்கெனவே தளர்ந்த கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு.

வழி திறந்ததும் எங்கே போவது என்பதை இரவிலேயே முடிவு செய்யுங்கள். ஆபரேஷன் வசதி உண்டா, மருத்துவர் இருக்கிறாரா என்று போனில் உறுதி செய்துகொண்டு கிளம்ப வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் மேட்டுப்பாளையம், கோவை வரை இறங்க நேரலாம். பந்தலூர், கூடலூர்க்காரர்களுக்கு உதகைக்கு ஏறுவதைவிட வயநாட்டுப் பக்கம் போவது எளிதாக இருக்கலாம், பூக்கோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மைசூரு என்றால் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 1962 எண்ணில் வரும் நடமாடும் கால்நடை ஊர்தி பெரும்பாலும் ஆடுமாடுகளுக்கானது. அதில் இந்த ஆபரேஷன் நடக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் நாயின் தலை சற்றுத் தாழ்ந்து பக்கவாட்டில் இருக்கட்டும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது.

"குட்டி போட்டு நான்கு நாள். கசிவு நாறுகிறது, குட்டிகளைக் கிட்டே சேர்க்க மாட்டேன் என்கிறது. இதுவும் அதே நோயா?"

இது வேறு. பிரசவத்துக்குப் பின், பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும் கருப்பை அழற்சி. நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கியிருக்கலாம், இறந்த குட்டி ஒன்று இருக்கலாம், பிரசவம் நெடுநேரம் இழுத்திருக்கலாம், குட்டியைக் கையை விட்டு இழுத்தபோது கிருமி ஏறியிருக்கலாம்.

குட்டி போட்ட நாய்க்குக் கசிவு இருப்பது இயல்பு. முதலில் கரும்பச்சை, பிறகு செம்பழுப்பு என்று மூன்று முதல் ஆறு வாரம் குறைந்துகொண்டே வரும். கரும்பச்சையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாற்றம், காய்ச்சல், சாப்பாடு மறுப்பது, பால் வற்றுவது, குட்டிகள் ஓயாமல் கத்துவது ஆகியவைதான் அபாயக் குறி. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்கேன் பார்த்து, டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், கருப்பை சுருங்க ஊசி என்று கொடுப்பார். ஆக்சிடோசின் பிரசவமான ஓரிரு நாளுக்குள்தான் நன்றாக வேலை செய்யும், மருந்துக்கடையில் வாங்கி நீங்களாகப் போடக் கூடாது. உள்ளே அழுகியது வெளிவராவிட்டால் இங்கும் ஆபரேஷன்தான்.

"அந்த நாயின் பாலைக் குட்டிகள் குடிக்கலாமா?"

தாயின் உடல்நிலையையும் மருந்தையும் பொறுத்தது. "பால் கொடுக்கிறது" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டெட்ராசைக்ளின் வகை குட்டிகளின் பல்லுக்கும், என்ரோஃப்ளாக்சசின் வகை வளரும் மூட்டுக்கும் ஆகாது, வேறு மருந்து தேர்ந்தெடுப்பார். தாய் மிகவும் தளர்ந்திருந்தால் குட்டிகளைப் பிரித்து, நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்பொடியை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, குட்டி குப்புற இருக்கும் நிலையில் ஊட்டுங்கள்.

நம் ஊரில் பாலைவிடக் குளிர்தான் குட்டிகளை முதலில் கொல்கிறது. முதல் வாரம் அவை இருக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டக் கூடாது, முதலில் சூடாக்குங்கள்.

"ஹீட் வராமலிருக்க ஊசி போடுகிறோம். கருத்தடைக்குப் பதில் அது போதும்தானே?"

அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. இரண்டாம் கேள்வியின் பதிலை மறுபடி படியுங்கள். நோய்க்கு வழிசெய்கிற அதே ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றுகிறோம். தெரியாமல் இணை சேர்ந்துவிட்டது என்று குட்டி தங்காமலிருக்கப் போடும் ஈஸ்ட்ரோஜென் ஊசியும் பியோமெட்ரா வாய்ப்பைக் கூட்டும். போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

"மஞ்சள் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா?"

வாலடியில் முடியில் ஒட்டியதை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள். உள்ளே எதையும் பீய்ச்ச வேண்டாம். கருப்பைக்கு அது போய்ச் சேராது, அங்கிருக்கும் தோலைப் புண்ணாக்கும்.

"கருத்தடை செய்த நாய்க்கும் வந்திருக்கிறது என்கிறார்களே?"

மிக அரிதாக. ஆபரேஷனில் சூலகத்தின் துணுக்கு ஒன்று உள்ளே தங்கிவிட்டால் அது ஹார்மோன் சுரக்கும், கருப்பையின் மிச்ச அடிப்பகுதியில் சீழ் வைக்கலாம். கருத்தடை செய்த நாய்க்கு மறுபடி ஹீட் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"எங்கள் குட்டிக்கு ஐந்து மாதம். இன்னும் ஹீட்டே வரவில்லை, ஆனால் வெள்ளைப்படுகிறது. பியோமெட்ராவா?"

ஹீட் வராத குட்டிக்குப் பியோமெட்ரா வருவது ஏறக்குறைய இல்லை. துள்ளி விளையாடி நன்றாகச் சாப்பிடும் குட்டிக்கு இப்படி வருவது இளவயதுப் பிறப்புறுப்பு அழற்சி, பெரும்பாலும் முதல் ஹீட்டோடு தானாகப் போய்விடும். ஒரு முறை காட்டிவிட்டு, கருத்தடையை எப்போது வைக்கலாம் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

"மற்ற நாய்க்கோ, வீட்டில் குழந்தைகளுக்கோ ஒட்டுமா?"

பியோமெட்ரா தொற்றுநோய் இல்லை. கசிவைத் துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் நாய்க்குக் கரு கலைந்து, குறிப்பாக ஏழு வாரம் வாக்கில் கலைந்து, அதன் பிறகு கசிவு இருந்தால் புரூசெல்லா என்ற கிருமியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது மற்ற நாய்களுக்குப் பரவும், மனிதருக்கும் வரலாம். கையுறை இல்லாமல் கலைந்த கருவைத் தொட வேண்டாம்.

"ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. இந்த ஊர்க் குளிரில் எப்படிப் பார்த்துக்கொள்வது?"

முதல் இரவு சூடுதான் முக்கியம். மயக்க மருந்து உடம்பின் வெப்பத்தைக் குறைத்துவிடும், வயிற்று முடியையும் மழித்திருப்பார்கள். வெளிக்கூண்டில் விடாமல் வீட்டுக்குள் கம்பளி போட்டுக் கிடத்துங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துவிடாதீர்கள், அந்தப் புகை நாயையும் மனிதரையும் கொல்லும்.

தையலை நக்கவிடாமல் கழுத்துக் கூம்போ பழைய டீ-சர்ட்டோ போடுங்கள். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை குளிப்பாட்டுவதும், படி ஏறி இறங்குவதும், தேயிலைத் தோட்டத்துக்குள் அவிழ்த்துவிடுவதும் வேண்டாம். ஆன்டிபயாடிக்கை நாய் தேறியதும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரை கொடுங்கள். தண்ணீர் குடிப்பது சில நாட்களில் குறைந்துவர வேண்டும். குறையாவிட்டால் சிறுநீரகத்துக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

"ஒரு முறையாவது குட்டி போட்ட பிறகு கருத்தடை செய்வதுதான் நல்லது என்கிறார்களே?"

அந்தப் பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. சிறிய, நடுத்தர நாய்களுக்கு ஆறு மாத வாக்கில் செய்யலாம். பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சிக்காகச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. ஹீட் வந்துவிட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது வழக்கம். பியோமெட்ரா பயம் போவதோடு, இளவயதில் செய்தால் மடிக்கட்டி வாய்ப்பும் குறையும். சில பெரிய நாய்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் கசியலாம், உடம்பும் போடலாம். முதலாவதற்கு மருந்து உண்டு, இரண்டாவதற்குச் சோற்றைக் குறைத்தால் போதும். நாயின் காவல் குணம் போய்விடும் என்று எஸ்டேட்டில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெட்டை நாய் குரைப்பது கருப்பையால் அல்ல.

"லைனில் எல்லோரும் சோறு போடும் நாய் இது. யாருடையதும் இல்லை. இதற்கு வந்துவிட்டால் யார் பொறுப்பு?"

சோறு போடுகிற எல்லோரும். இப்படிப்பட்ட நாய்கள்தான் கடைசி நாளில் தேயிலைக் குழிக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன, சிறுத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உதகை அருகே வேர்ல்டுவைடு வெட்டர்னரி சர்வீஸ் அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது. மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் இந்தியா ப்ராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர் அமைப்பு இருக்கிறது. தெருநாய்க் கருத்தடையில் நெடுநாள் ஈடுபட்டுள்ளவர்கள். உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தயாராக வையுங்கள். நாயைப் பிடிக்க அது நம்பும் ஒருவர் வேண்டும், பெரும்பாலும் லைனில் ஒரு பாட்டியோ ஒரு பையனோ இருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாள் கட்டிப் போட, மழை படாத ஒரு திண்ணையோ விறகுக் கொட்டகையோ வேண்டும். மருந்துச் செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இவை இருந்தால் எந்த மருத்துவரும் "கொண்டு வாருங்கள்" என்று சொல்வது எளிதாகிறது. நோய் வருமுன் லைனில் உள்ள எல்லாப் பெட்டைகளையும் சேர்த்து ஒரே நாளில் கருத்தடைக்குக் கொண்டுவர முடியுமானால் எஸ்டேட் அலுவலகத்தில் வண்டி கேட்டுப் பாருங்கள். கேட்ட இடங்களில் பல முறை கொடுத்திருக்கிறார்கள்.